எச்சரிக்கை வாசித்தவரும் அவர் சகலையும்

‘கடைசிவரி’. பிறப்பு 1962, இன்றும் நலமாக இருக்கிறார். பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. அது வங்கிக்கும் அடையாள அட்டைக்கும் மட்டுமே பயன்பட்டது. ஒலிப்பதிவுக் கூடங்களில் அவரை அந்தப் பெயரால் எவரும் அழைத்ததில்லை. “கடைசிவரி வந்துட்டாரா?” என்பதே அங்கே வழக்கம்.

அவருடைய தொழிலைச் சற்று விளக்கியாக வேண்டும். வானொலியிலோ தொலைக்காட்சியிலோ ஒரு விளம்பரம் முடியும் தறுவாயில், பாட்டும் சிரிப்பும் ஓய்ந்தபின், ஒரு குரல் மூச்சுவிடாமல் எதையோ ஒப்பித்துவிட்டு மறையும். முதலீடு அபாயத்துக்கு உட்பட்டது, மருத்துவரைக் கேட்காமல் இந்த மருந்தை உட்கொள்ளாதீர், நிபந்தனைகள் பொருந்தும் என்றெல்லாம் அது சொல்லும். அந்நேரத்தில் நாம் தண்ணீர் குடிக்க எழுந்திருப்போம், அல்லது அடுத்த நிலையத்துக்குத் தாவியிருப்போம். அந்தக் குரல் அவருடையது.

மற்றவர்கள் வாசித்தால் இயந்திரத்தைக் கொண்டு சுருக்குவார்கள். அப்போது குரல் கொசுவின் ரீங்காரம் போலாகிவிடும். இவருக்கு இயந்திரம் தேவைப்பட்டதில்லை. மூச்சை விலாவுக்குள் பதுக்கிக்கொண்டு, தாடையைத் தளர்த்தி, நீண்ட வாக்கியம் ஒன்றை ஐந்து நொடிக்குள் சொல்லிமுடிப்பார். ஓர் எழுத்தும் சிதையாது. ஒவ்வொரு சொல்லும் ஒலிக்க வேண்டும் என்பது வழக்கறிஞரின் தேவை. ஒரு சொல்லும் எவர் மனத்திலும் தங்கக் கூடாது என்பது வணிகரின் தேவை. இருவரையும் ஒருங்கே நிறைவுசெய்பவர் அந்த வட்டாரத்தில் இவர் ஒருவரே.

விளம்பரத்தின் முதன்மைக் குரலுக்குரியவர் காலையில் வருவார். அவருக்குத் தேநீர் உண்டு, பாராட்டு உண்டு, சில வேளைகளில் கைதட்டலும் உண்டு. அவர் போனபின், குளிரூட்டியை அணைத்துவிட்டுத்தான் கடைசிவரியை உள்ளே அழைப்பார்கள். குடுவையில் தேநீர் அடிமண்டியாகியிருக்கும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஏற்பாட்டை அவர் குறையாக எண்ணியதில்லை. முதன்மைக் குரல்கள்மீது அவருக்குப் பொறாமையும் எழுந்ததில்லை, அவர்கள் அயலார். நாம் பெண்ணெடுத்த வீட்டிலேயே இன்னொருவனும் பெண்ணெடுத்து, அவன் நம்மைவிட ஒரு படி மேலே ஏறும்போதுதான் பொறாமை என்பது வயிற்றில் முறையாகக் குடியேறுகிறது.

ஒரே ஒரு மனக்குறை மட்டும் இருந்தது. அவர் மனைவி அவருடைய குரலை ஒரு விளம்பரத்திலும் கேட்டதில்லை. கேட்கக் கூடாதென்று இல்லை. அந்த ஐந்து நொடி வரும்போதெல்லாம் அந்த அம்மாளுக்கு அடுப்பில் ஏதாவது வேலை இருந்தது.

சகலையின் தொழில் மெத்தை விற்பனை. மனைவியின் தங்கையை, குடும்பத்தில் ‘சின்னவள்’ என்று அழைக்கப்படுபவளை, மணந்தவர். உரத்த குரல், பெரிய பல்வரிசை, எங்கே போனாலும் முதல் நாற்காலி. கடைக்கு வருபவர்கள் எதிரில் ‘தொப்’பென்று மெத்தையில் விழுந்து, “ஐயோ, எந்திரிக்கவே மனசு வரலையே!” என்று கூவுவது அவருடைய விற்பனை முறை. வாடிக்கையாளர் ஒருவர் அதைக் கைபேசியில் படமெடுத்து வெளியிட, அது ஊர் முழுதும் சுற்றியது. ஒரு வாரத்துக்குள் இணையச் சூதாட்ட நிறுவனம் ஒன்று சகலையைத் தேடி வந்தது.

அந்நிறுவனத்துக்கு விளம்பரம் செய்துகொடுத்த இளம்பெண் கடைசிவரிக்குப் பழக்கமானவள். அவர் ஒன்றும் அறியாதவர் போலக் கேட்டார்.

“ஏம்மா, குரலும் இல்ல, நடிப்பும் இல்ல. எதை வச்சு அவரைப் பிடிச்சீங்க?”

“அதான் சார் வேணும். நடிகர் வந்து சொன்னா, ‘காசு வாங்கிட்டுப் பேசறான்’னு ஜனங்க தாண்டிப் போயிடறாங்க. இப்போ எல்லாமே பக்கத்து வீட்டு முகம்தான். கேமராகூட வேண்டாம், போன்லயே எடுப்போம். சமையலறை, பின்னாடி கழுவாத பாத்திரம், கொஞ்சம் கை ஆடணும். அப்பதான் நம்புவாங்க.”

“சூதாட்டத்த விளம்பரம் பண்ண விடறாங்களா?”

“சூதாட்டம்னு யார் சார் சொன்னா? அதே பேர்ல ஒரு விளையாட்டுச் செய்தி ஆப் இருக்கு. பலகையில அதோட பேரப் போடுவோம். உள்ள போனா பக்கத்துலயே இன்னொரு கதவு இருக்கும். முதல் ஆட்டம் இலவசம்.”

சகலை தம் வீட்டுச் சமையலறையில் நின்றபடி, கைபேசியை உயர்த்திக் காட்டி, “நானே ஜெயிச்சிட்டேன், உங்களுக்கென்ன?” என்றார். உண்மையில் அவர் ஒரு முறைகூட ஆடியதில்லை. திரையில் தெரிந்த தொகையைப் படப்பிடிப்புக்காக நிறுவனமே வரவழைத்துக் கொடுத்தது. ஆனால் அந்த ஒரு வாக்கியம் ஊரின் வாயில் ஒட்டிக்கொண்டது. பேருந்தில் இடம் பிடித்தவன் நிற்பவனைப் பார்த்து, “நானே ஜெயிச்சிட்டேன், உனக்கென்ன?” என்றான். விளையாட்டுப் போட்டியின் ஒவ்வோர் இடைவெளியிலும் சகலை வந்தார். செய்தி படிக்கும்போது குறுக்கே வந்தார். வானிலை பார்க்கப் போனால் அங்கும் பல்லைக் காட்டினார்.

அதே விளம்பரத்தின் இறுதியில், ‘இவ்விளையாட்டில் பண இழப்பு ஏற்படலாம், இது அடிமையாக்கக்கூடியது, பொறுப்புடன் விளையாடவும்’ என்று வாசித்தவர் கடைசிவரி. ஒரே விளம்பரத்தில் இரண்டு சகலைகள் இருந்தார்கள். உலகம் ஒருவரையே கண்டது.

கடைசிவரிக்கு உறக்கம் கெட்டது. விளம்பரத்தின் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பார், சகலையின் இடப்புருவம் வலப்புருவத்தைவிடத் தாழ்ந்திருப்பதைக் கண்டு ஆறுதல் கொள்வார். ‘பிடிக்கவில்லை’ என்னும் பொத்தானை அழுத்துவார். தம் பெயர் வெளியே தெரிந்துவிடுமோ என்று அஞ்சி உடனே விலக்கிக்கொள்வார். வழக்கமாகப் போகும் தெருமுனையில் சகலையின் படத்தோடு பெரிய பலகை எழுந்தது. கடைசிவரி மாற்றுத் தெரு வழியாகப் போனார். அங்கே ஒரு பேருந்து நின்றது. அதன் முழுப் பக்கமும் சகலை.

ஒரு ஞாயிறு மதியம் சகலை வீட்டில் சாப்பாடு. நால்வரும் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தனர். தொலைக்காட்சியில் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. இடைவேளை வந்தது, சகலை திரையில் தோன்றினார். நேரில் இருந்த சகலை உண்பதை நிறுத்திவிட்டுத் தம்மைத் தாமே பார்த்தார்.

“எப்படி இருக்கேன்?”

“முகத்தத் தொடச்சிட்டு நின்னிருக்கலாம்” என்றாள் சின்னவள். “இவரு ஜெயிச்சாராம் அக்கா! வீட்ல சீட்டாடினாக்கூட எங்கிட்டத் தோத்துட்டு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு. ஊர் நம்புது பாரு.”

“ஊர் நம்பினாப் போதும்டி. நீ நம்பி என்ன ஆகப்போகுது?”

கடைசிவரியின் மனைவி சிரித்துக்கொண்டே, “நானே ஜெயிச்சிட்டேன், உங்களுக்கென்னன்னு நேத்து காய்கறிக்காரன்கூடச் சொல்றான்” என்றாள்.

திரையில் அந்த ஐந்து நொடி வந்தது. கடைசிவரி கையில் எடுத்த கவளத்தோடு காத்திருந்தார். சரியாக அந்நேரத்தில் சகலை அவர் பக்கம் திரும்பினார்.

“ஆமா சகலை, கேக்கணும்னே இருந்தேன். நான் பேசி முடிச்சதும் கடைசில யாரோ கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி முணுமுணுக்கறாங்களே, அது நீங்கதானா?”

சின்னவள் கைக்குள் சிரிப்பை அடக்கினாள். மனைவி அடக்கவில்லை. அவள் வாய்விட்டுச் சிரித்ததுதான் கடைசிவரியைச் சுட்டது. சகலை கேலி செய்வார். அது அவர் இயல்பு. இவள் சிரித்திருக்க வேண்டியதில்லை.

“அத்தானைக் கிண்டல் பண்ணாதீங்க” என்று சின்னவளே பரிந்து வந்தாள். “அந்த விளம்பரத்துல உண்மை பேசற ஒரே ஆளு அவருதான்.”

அந்தச் சொல் அப்போது அவர் காதில் ஏறவில்லை. மனைவியின் சிரிப்பே காதை அடைத்திருந்தது.

சில மாதங்களில் புது விதி ஒன்று வந்தது. எச்சரிக்கையை விளம்பரத்தின் முடிவில் மறைக்கக் கூடாது, தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றது அவ்விதி. இணையத்தில் ஓடும் விளம்பரத்தின் முதல் ஐந்து நொடியை எவராலும் தாண்ட முடியாது. அதன் பிறகுதான் தாண்டும் பொத்தான் தோன்றும். ஆகவே, கட்டாயம் கேட்டே தீர வேண்டிய அந்த ஐந்து நொடி கடைசிவரிக்கு உரியதாயிற்று.

விளம்பரப் பெண் துக்கம் விசாரிக்க வந்தவள் போல் முகத்தை வைத்துக்கொண்டு அவரைக் காலையிலேயே வரவழைத்தாள். குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. தேநீர் சூடாக வந்தது. புதிய விதியின்படி வாசகமும் சுருங்கியிருந்தது: ‘இது பணத்தை இழக்கச் செய்யும் ஆட்டம். பழக்கமானால் விடாது.’ அவ்வளவே. ஓட வேண்டிய தேவையில்லை. கடைசிவரி முதன்முறையாக ஒலிவாங்கியின் முன் நடந்தார். சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டார். ‘விடாது’ என்பதை இறக்கி, நிலத்தில் வைப்பதுபோல் வைத்தார். கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் காதொலிப்பானைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

“என்ன சார், இந்தக் குரலை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?”

விளைவு எவரும் எதிர்பாராதது. மக்கள் ஐந்து நொடி கடைசிவரியைக் கேட்டார்கள். பொத்தான் வந்ததும் அழுத்திவிட்டுப் போனார்கள். சகலையின் பல்வரிசை வெளிப்படுவதற்குள் ஆள் இருக்கவில்லை. பத்து நாளில் தொலைபேசி அழைத்தது.

“என்ன சகலை, நான் வாயத் தொறக்கறதுக்குள்ள ஆளெல்லாத்தையும் விரட்டி விட்டுடறீங்களே! வாசல்ல நாய் கட்டி வச்ச மாதிரில்ல இருக்கு!”

“விதி அப்படி சகலை. நான் என்ன செய்ய?” என்றார் கடைசிவரி. வைத்தபின் நெடுநேரம் அந்தத் தொலைபேசியையே அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைவிடப் பெரிய பரிசு மறுநாள் கிட்டியது. மனைவி கைபேசியில் ஏதோ தையல் முறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடையே விளம்பரம் வந்தது. அவள் தலையை நிமிர்த்தினாள்.

“என்னங்க, இது நீங்கதானே?”

“ஆமா.”

“இவ்வளவு நல்லாவா பேசுவீங்க?”

அன்று முழுதும் அவர் வீட்டுக்குள் காரணமின்றி மேலும் கீழும் நடந்தார். சகலையின் பலகை நின்ற தெருவழியே வேண்டுமென்றே போய்வந்தார். பலகை கிழிந்து, ஒரு முனை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. மனிதனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? வேண்டியிருந்தது. சகலையின் முகம் கிழிந்தது போதவில்லை. அந்த இடத்தில் தம் முகம் வர வேண்டும் என்று மனம் கேட்டது. தாம் அப்படிக் கேட்டதை அவர் தமக்கே ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

நிறுவனம் சும்மா இருக்கவில்லை. விளம்பரப் பெண் ஒரு திட்டத்தோடு வந்தாள்.

“சார், ஆயிரக்கணக்கான பேர்கிட்டக் கேட்டுப் பார்த்தோம். யாரு சொன்னா நம்புவீங்கன்னு. உங்க குரலைத்தான் சொன்னாங்க. ‘இவரு பொய் சொல்ல மாட்டாரு’ன்னு எழுதியிருக்காங்க. இனிமே எச்சரிக்கையையே விளம்பரமாப் பண்ணப் போறோம்.”

“எச்சரிக்கை எப்படிம்மா விளம்பரமாகும்?”

“இப்ப அதான் சார் எல்லா எடத்துலயும். ஆடாதேன்னு சொல்ல மாட்டோம். அளவோட ஆடுன்னு அக்கறையாச் சொல்வோம். நாற்காலில உக்காந்து, கண்ணாடியக் கழட்டிட்டு, நீங்களே நேராப் பேசணும். முழு விளம்பரமும் நீங்கதான்.”

கடைசிவரிக்கு அந்த நொடியில் ஒன்று பளிச்சென்று புரிந்தது. மக்களை நிறுத்திய அந்தக் குரலைக் கொண்டே மக்களை உள்ளே அழைக்கப் பார்க்கிறார்கள். தொழில் தெரிந்தவர், புரியாமலிருக்குமா? யோசித்துச் சொல்வதாகக் கூறுவதற்கு வாயையும் திறந்தார்.

“அப்ப... எங்க சகலை?”

“அவரு ஒப்பந்தத்த நாங்க புதுப்பிக்கல சார். மூஞ்சி பழசாயிடுச்சு.”

“எப்ப எடுக்கணும்?” என்றார் கடைசிவரி.

அவள் கையெழுத்து வாங்கும்போது இறுதியாக ஏதோ ஒரு வாக்கியத்தை விரைவாகச் சொன்னாள். குரலைப் பற்றியது, உரிமையைப் பற்றியது. ஆயுள் முழுதும் அத்தகைய வாக்கியங்களை விரைவாகச் சொல்லிப் பிழைத்தவர், தமக்கே சொல்லப்பட்ட ஒன்றைக் கேட்கவில்லை. அவர் மனம் அப்போது, செய்தியை அறியும்போது சகலையின் முகம் எப்படிப் போகும் என்று வரைந்து பார்த்துக்கொண்டிருந்தது.

படப்பிடிப்பில் அவர் ஒரு முறைதான் பேசினார். இரண்டாம் முறை தேவைப்படவில்லை. “நில்லுங்க. இந்த ஆட்டத்துல பணம் போகலாம். பழக்கமாயிடலாம். அதனால உங்களுக்குன்னு ஒரு அளவு வச்சுக்கோங்க. அளவு தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் இந்த ஆட்டம்.” இதைச் சொல்லிவிட்டுச் சற்றே புன்னகை செய்தார். அந்தப் புன்னகையை எவரும் சொல்லித்தரவில்லை. அது சகலைக்கென்று எழுந்தது.

விளம்பரம் பற்றிக்கொண்டது. அளவு தெரியாதவன் என்று தன்னை நினைப்பவர் எவருமில்லை. ஆகவே ஊரில் அனைவருக்கும் அது அழைப்பாயிற்று. ஒரு முறை ஆடிப் பார்க்காதவன் அளவு தெரியாதவனோ என்ற ஐயம்கூடச் சிலருக்கு எழுந்தது. மருந்துக்கடையில், வங்கியில், முடிதிருத்தகத்தில் அவரை அடையாளம் கண்டார்கள். மனைவி அவரோடு வெளியே போகும்போது நல்ல புடவை உடுத்தினாள். சகலையைச் சந்தித்தபோது அவர் கை குலுக்கி, “கலக்கிட்டீங்க சகலை” என்றார். அந்தக் குலுக்கலில் வலுவில்லை என்பதைக் கடைசிவரி குறித்துக்கொண்டார். பொறாமைப்பட்டவருக்கு, தம்மீது பிறர் பொறாமைப்படுவது போன்ற இன்பம் வேறில்லை. அந்த இன்பத்தை அவர் நான்கு மாதம் துய்த்தார்.

சின்னவள் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் மாத்திரை எண்ணித் தருபவள். எதிலும் அளவு பிசகாதவள் என்று குடும்பத்தில் பெயரெடுத்தவள். குழம்பு மிஞ்சாது, துணி குறையாது, பேச்சுகூட வேண்டிய அளவுதான். ஒரு மாலை அக்காவைப் பார்க்க வந்தவள், கைபேசியை மடியில் வைத்து அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டில் எப்போதும் கிடக்கும் வளையல் அன்று இல்லை. கடைசிவரி அதைக் கண்டார். கழுவும்போது கழற்றியிருப்பாள் என்று எண்ணினார்.

“என்ன பார்த்துக்கிட்டே இருக்கே?”

“உங்க ஆட்டம்தான் அத்தான்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, விளையாட்டாகச் சொல்லவில்லை.

“உன் புருஷன் அத்தனை நாள் கூவினப்பல்லாம் நீ சீண்டலையே!”

“அவரு சொன்னா யாரு நம்புவா? அவரு ஒரு தடவகூட ஆடலைன்னு எனக்குத் தெரியுமே. நீங்க சொன்னதாலதான் பார்த்தேன். நீங்க சொன்ன மாதிரியே அளவு வச்சுத்தான் ஆடறேன் அத்தான். அளவு முடிஞ்சா நீங்களே வந்து சொல்றீங்க.”

“நானா?”

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். கடைசிவரியின் குரல் அறையில் எழுந்தது. இறக்கம், இடைவெளி, நிலத்தில் வைக்கும் நிதானம், எல்லாம் அவருடையவை. “இன்னைக்கு அளவு முடிஞ்சிடுச்சு. நீங்க அளவு தெரிஞ்சவங்க. வேணும்னா கொஞ்சம் உயர்த்திக்கலாம். அவசரமில்ல, யோசிச்சுச் செய்ங்க.”

அந்த வாக்கியத்தை அவர் எந்நாளும் வாசித்ததில்லை.

அவள் போனதும் விளம்பரப் பெண்ணை அழைத்தார்.

“அன்னைக்கே சொன்னேனே சார், கையெழுத்துப் போடறப்ப. உங்க குரலை வச்சு இயந்திரமே பேசிக்கும். நீங்க இனிமே அலையவே வேண்டாம்.”

“அதை நிறுத்தணும்மா.”

“முடியாது சார். ஆனா பாருங்க, உங்களுக்கு வயசே ஆகாது.”

கடைசிவரி மெத்தைக்கடைக்குப் போனார். வாடிக்கையாளர் எவருமில்லை. சகலை விற்பனைக்கு வைத்திருந்த ஒரு மெத்தையில், உறை பிரிக்காத பிளாஸ்டிக்கின் மேல், மல்லாந்து கிடந்தார். எழுந்திருக்கவில்லை.

“வாங்க சகலை. வளையலைப் பத்திப் பேச வந்தீங்களா?”

“உங்களுக்குத் தெரியுமா?”

“வளையலை வித்தது தெரியும். சங்கிலி நேத்துத்தான் தெரிஞ்சுது. கேட்டா, ‘அத்தான் சொல்ற அளவுக்குள்ளதான் இருக்கேன்’ங்கறா. நான் ஒண்ணு சொன்னா, ‘அவரைவிட உங்களுக்குத் தெரியுமா’ங்கறா.”

“திட்டுங்க சகலை. நாலு வார்த்தை திட்டிடுங்க.”

“எதுக்கு? நானும்தான் கூவினேன். ஊர்ல எவன் எவன் போனானோ, தெரியாது. ஆனா என் வீட்டுக்காரி என்னை நம்பல.” சகலை கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “நான் வாயத் தொறந்தாலே பொய்னு அவளுக்குத் தெரியும். கல்யாணமான நாள்ல இருந்து தெரியும். அது எவ்வளவு நல்லதாப் போச்சு பாருங்க. ராத்திரி அதை நெனச்சுத்தான் தூங்கறேன்.”

கடைசிவரி நின்றபடியே இருந்தார். பலகையில் சகலை சிரித்தபோது எழுந்த பொறாமை, மனைவி சிரித்தபோது எழுந்த பொறாமை, அவையெல்லாம் இப்போது எழுந்ததற்கு உறைபோடக்கூடக் காணா. எதிரில் கிடக்கும் இந்த மனிதரை அவர் வீட்டில் எவரும் நம்பவில்லை. அந்தப் பேறு தமக்கு இல்லையே என்று அவர் உள்ளம் எரிந்தது. ஒரு மனிதனுடைய சொல்லுக்கு மதிப்பில்லை என்பதைப் பார்த்து இன்னொருவன் ஏங்குவது விந்தை. அவர் ஏங்கினார்.

அடுத்த நாள் மாலை மனைவியை அழைத்துக்கொண்டு சகலை வீட்டுக்குப் போனார். சின்னவள் சமையலறை மேசையருகே இருந்தாள். கைபேசி, தண்ணீர்ச் செம்பின்மீது சாய்ந்து நின்றது.

“அம்மா, அதை விட்டுடு. நல்ல ஆட்டமில்ல அது” என்றார்.

“தெரியும் அத்தான். அதான் அளவோட ஆடறேன்.”

“அளவுன்னு ஒண்ணு அதுல இல்லவே இல்ல. நான் சொன்னது பொய்.”

“சும்மா சொல்லாதீங்க. நீங்க பொய் சொல்ற ஆளா?”

அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார். உண்மையைச் சொன்னாலும் அவள் அதை அவருடைய நல்ல குணமாகவே எடுத்துக்கொண்டாள். தாம் எதை வைத்துப் புகழ் பெற்றாரோ அதை உடைத்தாலன்றி அவளிடம் ஒன்றும் செல்லாது. கடைசிவரி நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார், எழுந்தார், மீண்டும் அமர்ந்தார். பிறகு தொடங்கினார். அவர் குரல் வழக்கம்போல் இல்லை. மூச்சு இடையில் அறுந்தது.

“கேளு. அந்த விளம்பரம் ஜனங்களை உள்ள இழுக்கத்தான்னு எனக்கு மொதல்லயே தெரியும். தெரிஞ்சுதான் பேசினேன். ஏன்னு கேளு.”

“ஏன்?”

“உன் புருஷன் மேல வயித்தெரிச்சல்.”

“என்னங்க இது!” என்றாள் மனைவி. சகலை கதவருகே வந்து நின்றார்.

“அவரு பலகைல சிரிக்கறதப் பார்க்கப் பொறுக்கல. பேருந்துல பார்க்கப் பொறுக்கல. உங்க அக்கா அவரு சொன்னதுக்குச் சிரிச்சப்ப சாப்பாடு எறங்கல. அவரைத் தூக்கிட்டாங்கன்னு விளம்பரப் பொண்ணு சொன்னதும் யோசிக்கறேன்னுகூடச் சொல்லாம ஒத்துக்கிட்டேன். கடைசில ஒரு சிரிப்புச் சிரிச்சேன் பாரு, உனக்கெல்லாம் அக்கறைன்னு பட்டுதே, அது அவரைத் தோக்கடிச்சிட்ட சிரிப்பு. அவ்வளவுதான். உன்ன யாரு நெனச்சா? யாரையும் நெனைக்கல.”

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. அப்போது மேசைமேல் கைபேசி ஒளிர்ந்து, அதே நிதானமான குரல் எழுந்தது: “இன்னைக்கு உங்களுக்குன்னு ஒரு ஆட்டம் இலவசமா வச்சிருக்கோம். அவசரமில்ல.”

அவள் கைபேசியைப் பார்த்தாள். வியர்த்துப்போய் எதிரில் உட்கார்ந்திருந்தவரையும் பார்த்தாள்.

“ரெண்டும் ஒரே குரல்தானே அத்தான்?”

“ஆமா. ரெண்டையும் நம்பாதே.”

சகலை ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லியிருந்தால் கேலியாக இருந்திருக்கும். அதற்குப் பதில் மேசையருகே வந்து தம் மனைவியின் தோள்மேல் கை வைத்தார். சின்னவள் நெடுநேரம் கடைசிவரியின் முகத்தையே பார்த்தாள். அவள் தன் கணவர் திரையில் கூவும்போது அவரைப் பார்ப்பாளே, நம்பிக்கையற்ற அந்தப் பார்வை மெல்ல அவள் கண்ணில் ஊறியது. பிறகு கைபேசியை எடுத்து அக்காவிடம் நீட்டினாள்.

“நீயே அந்த ஆப்பை எடுத்து விட்டுடு. எனக்குக் கை வராது.”

அவள் ஒரே நாளில் மீண்டுவிடவில்லை. இரு முறை திரும்பவும் அந்த ஆட்டத்துக்குள் போனாள். இரு முறையும் தானே வந்து அக்காவிடம் சொன்னாள். போன வளையல் போனதுதான். ஆயினும் அந்தக் குரல் சொல்வதை அவள் பிறகு கேட்கவில்லை. நேரில் அவர் சொல்வதையும் கேட்பதில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று கடைசிவரி சொன்னால், சின்னவள் சன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். அப்போதெல்லாம் சகலை அவரைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறார். கடைசிவரி தலையைக் குனிந்துகொள்கிறார்.

நிறுவனம் அவர் குரலைக் கைவிடவில்லை. போட்டிகளின் இடைவெளியில், வானிலைக்கும் செய்திக்கும் நடுவில், அது இன்றும் அக்கறையோடு பேசிக்கொண்டிருக்கிறது. புதிய புதிய சலுகைகளை அறிவிக்கிறது. ஒருபோதும் மூச்சு வாங்குவதில்லை. அவரைத் தெரிந்தவர்கள் தெருவில் நிறுத்தி, நேற்றுப் பேசியதும் நன்றாக இருந்தது என்று பாராட்டுகிறார்கள். அது தாம் இல்லை என்று அவர் சொல்கிறார். அவர்கள் நம்புவதில்லை.

அவர் கடைசியாக ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசியது 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14ஆம் நாள், வெள்ளிக்கிழமை.